யானைக் கூடாரம், எல்லாரும் ஆஜர்

எங்கள் கோடை முகாமில் காலைச் சாப்பாட்டைக் கத்தித்தான் வாங்க வேண்டும். நான் ஏற்றிச் சொல்லவில்லை, விதியே அதுதான். ஏரிக்கரையில் ஏழு கூடாரங்கள். எதிர்க்கரையில் சுவர் மாதிரி ஒரு பாறை. விடிந்ததும் விசில் ஊதுவார்கள். ஒவ்வொரு கூடாரத்திலிருந்தும் ஒருவன் தண்ணீர் ஓரத்துக்கு வந்து, கூடாரத்தின் பெயரைச் சொல்லி, "எல்லாரும் ஆஜர்!" என்று பாறையைப் பார்த்துக் கத்த வேண்டும். யாருடைய சத்தத்தைப் பாறை தெளிவாகத் திருப்பிக் கொடுக்கிறதோ, அந்தக் கூடாரம் சாப்பாட்டு வரிசையில் முதலில் நிற்கும். அவர்களுக்குச் சூடான ரொட்டி, ஆளுக்கு இரண்டு முட்டை. வரிசை நீள நீள முட்டை ஒன்றாகும், பிறகு பாதியாகும், கடைசிக் கூடாரத்துக்கு அண்டாவின் அடியில் பிடித்த கஞ்சி. பதினாலு வயதுப் பையன்களைப் படுக்கையிலிருந்து கிளப்ப இதைவிடக் கொடூரமான வழியை யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

எங்களுடையது யானைக் கூடாரம். பெயர் வைத்தவருக்குக் கண் சரியில்லை. எங்கள் மூன்று பேரையும் சேர்த்துத் தராசில் போட்டாலும் குட்டி யானையின் ஒரு காது தேறாது. என் பட்டப்பெயர் கொசு. உருவத்தால் வந்தது பாதி, குரலால் வந்தது மீதி. இரண்டாமவன் மெத்தை. எதன்மேல் சாய்ந்தாலும் தூங்கிவிடுவான், ஒருமுறை சைக்கிளின்மேல். மூன்றாமவன் ஹாரன்.

ஹாரன் கத்தினால் பாறை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும். மூன்று கோடை விடுமுறை, ஒரு நாள் தவறாமல் நாங்கள்தான் முதலில் சாப்பிட்டோம். இன்றைக்கு என் உடம்பில் இருக்கும் எலும்பில் பாதி அவன் தொண்டையில் விளைந்தது. எப்போதும் இரண்டாவதாக வந்தது கழுகுக் கூடாரம். அதன் தலைவன் கேப்டன். அவன் தினமும் எங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டே தன் முட்டையைத் தின்பான். "நாளைக்குப் பாருடா" என்பான். நாளைக்கும் அதேதான் நடக்கும்.

அந்தத் தொண்டையைத்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருத்துவர்கள் எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். உயிர் பிழைத்தான், குரல் போய்விட்டது. இப்போது அவன் மூச்சு விடுவது கழுத்தில் உள்ள ஒரு துளை வழியாக. அதன்மேல் மெல்லிய துணி ஒன்றைக் கட்டியிருப்பான். பேசுவதற்கு ஒரு மெஷின். சின்ன டார்ச் மாதிரி இருக்கும். கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் வார்த்தை வரும். தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு பேசக் கற்றுக்கொண்ட மாதிரி ஒரே சுருதி. ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. "சாப்டியா" என்கிறானா, "நாசமாப் போ" என்கிறானா என்று அவன் புருவத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவனுக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. ஒரு கையில் மெஷின், மறு கை ஸ்டீயரிங் பக்கம், காலடியில் அவனுக்கென்று தனி பிரேக். முன்பு அவன் கத்தியதற்கு நடுங்கியவர்கள் இப்போது அந்த வண்டுச் சத்தத்துக்கு இன்னும் ஒழுங்காக ஓட்டுகிறார்கள் என்று பெருமை வேறு.

முகாமின் பழைய ஆட்கள் எல்லாரும் அதே ஏரிக்கரையில் மூன்று நாள் கூடுகிறோம் என்று கேப்டன் போனில் அழைத்த மறுநாள், ஹாரனின் மனைவி என் பட்டறைக்கு வந்தாள். நான் பல் செட் செய்கிறவன். மேசை நிறைய அடுத்தவர்களின் சிரிப்பு.

"அண்ணா, நீங்க எனக்கு ஒரு வாக்கு குடுக்கணும்."

"உக்காரும்மா. அந்த ஸ்டூல்ல வேணாம், அதுல ஒருத்தரோட கீழ்த்தாடை காயுது."

அவள் உட்காரவில்லை. "அங்க இவரைப் பேச விடாதீங்க. எது சொல்லணும்னாலும் நீங்களே சொல்லிடுங்க."

"நான் பேசறதா? என்னைப் பேச விடாம இருக்கத்தான்மா என் வீட்ல எல்லாரும் பாடுபடறாங்க."

"விளையாடாதீங்கண்ணா." அவள் கண் கலங்கிவிட்டது. "போன வருஷம் என் தம்பி மக பிறந்தநாளுக்குப் போனோம்ல? அங்க மெஷினை வெச்சுப் பேசினாரு. குட்டிப் பசங்க எல்லாம் சிரிச்சுதுங்க. வீட்டுக்கு வந்ததும் மெஷினைத் தூக்கி அலமாரியில போட்டாரு. ரெண்டு மாசம் தொடல. ஒரு வார்த்தை இல்ல வீட்ல. இப்போ வரப்போறவங்க எல்லாம் இவர் கத்தினதைக் காதால கேட்டவங்க. அவங்க முன்னாடி அசிங்கமாச்சுன்னா, அதுக்கப்புறம் அதை எடுக்கவே மாட்டாரு. எனக்குத் தெரியும்."

வாக்குக் கொடுத்தேன். அழுகிற பெண்ணிடம் வாக்குக் கொடுக்காமல் இருக்கும் அளவுக்கு என் முதுகெலும்பை ஹாரன் வளர்க்கவில்லை போலிருக்கிறது.

பயிற்சிக் காரில்தான் போனோம். நான் ஓட்டினேன். பின்சீட்டில் மெத்தை, அவன் லிஃப்ட் மெக்கானிக், ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவே தூங்கிப் பழகியவன். எனக்குப் பக்கத்தில் ஹாரன், தன் பிரேக்மேல் காலை வைத்தபடி. அவனுக்கு மெஷினைத் தூக்கச் சோம்பலாக இருந்தால் பிரேக்காலேயே பதில் சொல்வான்.

"ஹாரா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அங்க போனா நீ கொஞ்சம்..."

சடக்கென்று வண்டி நின்றது. என் மூக்கு ஸ்டீயரிங்கை மோந்து பார்த்தது. பின்னால் மெத்தை உருண்டு கீழே விழுந்து, அங்கேயே தூக்கத்தைத் தொடர்ந்தான்.

"இண்டிகேட்டர் போடாம எங்கடா திரும்பற?" என்றது மெஷின்.

"நேராத்தானே போறேன்?"

"ரோட்டைச் சொல்லல. பேச்சைச் சொன்னேன்."

அதற்கப்புறம் முகாம் வரை நான் வானிலையைப் பற்றி மட்டும் பேசினேன்.

ஏரி அப்படியே இருந்தது. கூடாரங்கள்தான் புதுசு; உள்ளே கட்டில், விளக்கு, போன் சார்ஜ் போட இடம். நாங்கள் தேள் தட்டிவிட்டுப் படுத்த மண்மேல் கம்பளம் விரித்திருந்தார்கள். கேப்டன் கையில் மைக்கோடு ஓடி வந்தான். இப்போது விழா நடத்திக் கொடுப்பதுதான் அவன் தொழில். நல்ல மனுஷன். அதுதான் பிரச்சினையே.

"வந்துட்டீங்களா! வாங்க வாங்க!" என்று என்னைக் கட்டிப்பிடித்தான். மெத்தையைக் கட்டிப்பிடித்தான். ஹாரனிடம் வந்ததும் இரண்டு கையாலும் அவன் கையை மெல்லப் பற்றினான், கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "பயணம் அவருக்கு ஒத்துக்கிச்சா?" என்றான்.

அவருக்கு! மூன்று கோடை முழுக்க 'டேய் ஹாரன்' என்று கூப்பிட்டவன். பட்டப்பெயரையும் காணோம், டா-வையும் காணோம்.

நான் கொடுத்த வாக்கு சும்மா இருக்குமா? "நல்லா இருக்கான்" என்று நானே பதில் சொன்னேன். ஹாரன் என்னைப் பார்த்தான். மெஷின் பக்கம் கைகூடப் போகவில்லை.

கேப்டன் மைக்கில் அறிவித்தான். நாளைக்குக் காலையில் பழையபடி ஆஜர் சொல்லும் சடங்கு உண்டு. ஏழு கூடாரமும் கத்த வேண்டும். "யானைக் கூடாரத்துக்கு மட்டும் ஒரு சிறப்பு ஏற்பாடு. இந்த ஏரியையே அதிர வைத்த நம் அன்பு நண்பரின் குரல் நினைவாக, அவர் சார்பில் நானே ஆஜர் சொல்கிறேன். மரியாதையாக, அவருக்குத்தான் முதல் தட்டு!"

எல்லாரும் கைதட்டினார்கள். கணவரோடு வந்திருந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் கைதட்டினேன். அப்பாடா, நான் வாய் திறக்காமலே வாக்குக் காப்பாற்றப்பட்டது.

கூடாரத்துக்குள் வந்ததும் ஹாரன் கட்டிலில் உட்கார்ந்து மெஷினை எடுத்தான்.

"நினைவாகவா? நான் எப்படா செத்தேன்?"

"அவன் நல்லதுக்குத்தான்..."

"ஃபோட்டோவுக்கு மாலை போட்டானா, இல்ல அது நாளைக்கா?"

மெத்தை ஒரு கண்ணைத் திறந்து, "ஃபோட்டோல நல்லா இருப்பேடா நீ" என்றான்.

"நாளைக்கு நான்தான் கத்துவேன்" என்றான் ஹாரன்.

நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். "வேணாம்டா. அந்த மெஷின் சத்தம் பத்தடி தாண்டாது. பாறை எங்க, நீ எங்க! வேணும்னா நான் கத்தறேன்."

"உன் சத்தம் சின்ன வயசுலயே உன் மூக்கைத் தாண்டலியே."

வேறு வழியில்லாமல் அவன் மனைவி பட்டறைக்கு வந்ததைச் சொன்னேன். பிறந்தநாள், குட்டிப் பசங்கள், அலமாரி, வாக்கு, எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. இதோ இப்போதே அலமாரிக்குப் போய்விட்டது என்று நினைத்தேன்.

எடுத்தான். "பசங்க சிரிச்சதுக்கா நான் மெஷினைத் தூக்கிப் போட்டேன்? அதுங்க சிரிச்சது எனக்கு ஜாலியா இருந்துச்சுடா. ரோபோ மாமா, இன்னொரு தடவை பேசுங்கன்னு மடியில ஏறி உக்காந்துதுங்க. பெரியவங்கதான்..." நிறுத்தி மூச்சு விட்டான். கழுத்துத் துணி லேசாகப் படபடத்தது. "நான் பக்கத்துல நிக்கறேன், அவகிட்ட கேக்கறாங்க. அவருக்குச் சாப்பாடு போதுமா? அவருக்கு ஃபேன் போடணுமா? தொண்டைதானடா போச்சு. காதும் மூளையும் போன மாதிரி கேக்கறாங்க. அவளும் பதில் சொல்றா. போதும்ங்கறா. எனக்கு இன்னும் பசிச்சுது."

எனக்குக் காது சூடானது. சாயங்காலம் கேப்டனிடம் 'நல்லா இருக்கான்' என்றவன் நான்தானே.

"இங்கயும் அதேதான்னா, இந்த மெஷின் எதுக்கு? ஏரியிலயே போட்டுட்டு வந்துடறேன். மத்தவங்க எனக்குப் பதிலா பேசிக்கட்டும், எனக்கும் பேட்டரி மிச்சம்" என்றான் ஹாரன்.

அவன் புருவத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

காலையில் விசில் ஊதியது. கரையில் அறுபது பேருக்கு மேல் கூடிவிட்டோம். தொப்பை, வழுக்கை, முழங்கால் பட்டை, எல்லாம் வந்திருந்தன. முதலில் முயல் கூடாரம். கத்தியவர் பாதியில் இருமிவிட்டார். பாறை இருமலை மட்டும் திருப்பிக் கொடுத்தது. மான் கூடாரம் சுமார். கழுகுக்கு கேப்டனே கத்தினான். இன்னும் நல்ல தொண்டைதான். பாறை 'ஆஜர்' என்று அழகாகச் சொன்னது. மற்ற மூன்றும் அவன் கிட்டே வரவில்லை.

"இப்போது யானைக் கூடாரம்" என்று கேப்டன் மைக்கை எடுத்தான். "நம் அன்பு நண்பரின் சார்பாக..."

ஹாரன் தண்ணீர் ஓரத்துக்கு நடந்தான். போகிற வழியில் மைக்கை அணைத்தான். கேப்டன் வாய் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது.

"அவர் என்ன செய்யறாரு?" என்று கேப்டன் என்னிடம் கேட்டான்.

பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். என்னைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம். நான் விழுங்கிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

ஹாரன் காலை அகட்டி நின்றான், சின்ன வயதில் நின்ற அதே நிலை. மெஷினைக் கழுத்தில் அழுத்தினான்.

"யானைக் கூடாரம். எல்லாரும் ஆஜர்."

எங்கள் வரைக்கும் கேட்டது. தண்ணீர் மேல் கொஞ்ச தூரம் போயிருக்கலாம். பாறை அசையவில்லை. அறுபது பேரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். எனக்கு ஓடிப்போய் அவன் முன்னால் நின்று மறைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது. நான் மறைத்தால் அவனில் கால்வாசிதான் மறையும் என்பது வேறு விஷயம்.

மறுபடி அழுத்தினான். "யானைக் கூடாரம். எல்லாரும் ஆஜர்."

பாறை வாய் திறக்கவில்லை.

ஹாரன் இடுப்பில் கை வைத்துப் பாறையை மேலும் கீழும் பார்த்தான். "ஏய். உன்னைத்தான். காதுல என்ன வெச்சிருக்க? கிளட்ச்சை மிதி. மிதிச்சுட்டு அப்படியே கியரைப் போட்டு மெதுவா ஆஜர்னு சொல்லு. மெதுவா. முட்டிடாத."

பின்னாலிருந்து மெத்தை வெடித்துச் சிரித்தான். தூங்கி எழுந்த சிரிப்பு; எருமை தும்மின மாதிரி. அந்தச் சிரிப்பைத்தான் பாறை வாங்கிக்கொண்டு முழுசாகத் திருப்பிக் கொடுத்தது. அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. முயல் கூடாரத்துக்காரர் மறுபடி இருமினார். கண்ணைத் துடைத்த அம்மாள் இன்னொரு காரணத்துக்காகத் துடைத்தாள். ஹாரனின் தோள் குலுங்கியது. அவன் சிரிப்புக்கு இப்போது சத்தம் கிடையாது, தோள்தான்.

கேப்டன் மட்டும் பதறிப்போய் மைக்கைத் தட்டி உயிர்ப்பித்தான். "வந்துச்சு! எதிரொலி வந்துச்சு, நான் கேட்டேன். மெல்லிசா வந்துச்சு. யானைக் கூடாரம்தான் முதல்!"

ஹாரன் அவன் பக்கம் திரும்பினான். "பொய் சொல்லாத. வரல."

"மரியாதைக்காக..."

"விதி என்ன? பாறை பேசலைன்னா?"

கேப்டன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

"பேசலைன்னா கடைசி" என்று அவனே முணுமுணுத்தான்.

"அப்போ கடைசி" என்றான் ஹாரன், எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வரிசையின் வாலுக்கு நடந்தான்.

எனக்குச் சர்க்கரை வியாதி. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். இதை நான் வரிசையில் நின்றபடி உரக்கச் சொன்னேன். "முதல் தட்டு தரேங்கறான்டா. மானத்தை மதியானம் பாத்துக்கலாம்." ஹாரன் ஒரு மிட்டாயை என் வாயில் திணித்தான். முன்னால் நின்றவர்கள் திரும்பித் திரும்பி, "நீங்க முன்னாடி வாங்க" என்றார்கள். ஒருத்தர் தட்டையே நீட்டினார். எல்லாருக்கும் அவனே, மெஷினை எடுத்து, "தோத்துட்டோம், நீங்க சாப்பிடுங்க" என்றான். அந்த வண்டுச் சத்தத்தில் ஏற்ற இறக்கம் இல்லைதான். ஆனாலும் அதில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள யாருக்கும் அவன் புருவத்தைப் பார்க்கத் தேவைப்படவில்லை.

எங்கள் முறை வந்தபோது சமையல்காரர் கரண்டியால் அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு கரண்டி கஞ்சி, கறுப்புத் தோலோடு. உண்மையைச் சொல்கிறேன், அந்த மூன்று கோடையும் முதலில் சாப்பிட்டதால் எனக்கு இதன் ருசியே தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

கேப்டன் தன் தட்டோடு வந்து எங்கள் மேசையோரம் நின்றான். இரண்டு முட்டையும் தொடப்படாமல் இருந்தன. பாவம், வாழ்க்கையில் முதல்முறை ஜெயித்திருக்கிறான், தொண்டையில் இறங்கவில்லை. என் காதருகே குனிந்து, "அவருக்கு வேற ஏதாவது வேணுமான்னு கேளேன். உள்ள முட்டை இருக்கு" என்றான்.

ஹாரன் கஞ்சியைக் கிளறுவதை நிறுத்தினான். மெஷின் மேசைமேல் கிடந்தது. அவன் அதை எடுக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கச்சி, மன்னிச்சுக்கோ என்று அவன் மனைவியிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"உன் எதிர்லதான் உக்காந்திருக்கான். நான் என்ன போஸ்ட்மேனா? அவன்கிட்டயே கேளு" என்றேன்.

கேப்டன் முகம் சிவந்தது. தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "உங்களுக்கு..." என்று ஆரம்பித்தான். ஹாரனின் புருவம் ஏறியது. கேப்டன் நிறுத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தான்.

"டேய் ஹாரன். முட்டை வேணுமாடா?"

ஹாரன் வாயில் இருந்த கஞ்சியை நிதானமாக மென்று முடித்தான். தண்ணீர் குடித்தான். பிறகுதான் மெஷினை எடுத்தான்.

"இன்னிக்கு வேணாம். இன்னிக்கு நீ ஜெயிச்ச, நீ தின்னு. நாளைக்குக் காலையில நான் மறுபடி கத்துவேன். அப்போ உன்கிட்ட இருந்து பிடுங்கிக்கறேன்."

"அந்த டப்பாவை வெச்சுக்கிட்டா?"

"இந்த டப்பாவை வெச்சுக்கிட்டுதான்."

கேப்டன் ஒரு முட்டையை எடுத்து, ஹாரனின் கண்ணைப் பார்த்துக்கொண்டே, முழுசாக வாயில் போட்டான். கன்னம் உப்ப, வார்த்தை நசுங்கி வந்தது.

"பிடுங்கிப் பாருடா."